பனிச்சந்துறை மாதர் கல்விச் சங்கத்தின் முதல் தலைவர்

கண்ணகை டீச்சருக்குச் சத்தியவாகீசர் வந்து வாய்த்தது ஒரு கோபத்தில்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு அது. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. களுவாஞ்சிக்குடியில் தாயோடு இருந்துகொண்டு, வாவியோரமாக ஒன்றரை மைல் தள்ளியிருந்த பனிச்சந்துறைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய்ப் படிப்பித்து வந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பில் பத்தொன்பது பெண்பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. நடுவில் இவர்கள் எல்லோரும் எங்கே போய்விடுகிறார்கள் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதி, தன் பெயரைப் போட்டு, புளியந்தீவுப் பட்டணத்திலிருந்து வெள்ளிதோறும் வெளிவந்த 'கீழ்க்கரை மித்திரன்' பத்திரிகைக்கு அனுப்பினாள்.

கட்டுரை திரும்பி வந்தது. கூடவே பத்திராதிபர் தம் கைப்பட ஒரு குறிப்பும் வைத்திருந்தார். பெண்மணிகள் எழுத முன்வருவது மெத்த மகிழ்ச்சிக்குரியது, பலாக்கொட்டைக் கறி போன்றவற்றின் செய்முறையை அனுப்பினால் இடம் இருக்கும்போது பிரசுரிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

அன்றைக்கு வீட்டில் பலாக்கொட்டைக் கறிதான். தாய் வைத்ததை அவள் தொடவில்லை. சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, அதே கட்டுரையை ஒரு சொல் மாற்றாமல் வேறு தாளில் சரிந்த எழுத்தில் திருப்பி எழுதி, அடியில் 'சத்தியவாகீசர்' என்று கையெழுத்திட்டாள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததென்று பிறகு யோசித்துப் பார்த்தும் அவளுக்கு விளங்கவில்லை. உண்மை பேசுகிறவர் என்று பொருள்பட்டது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

அடுத்த வெள்ளிக்கிழமை கட்டுரை முதற்பக்கத்தில் வந்தது. 'நரைத்த தலையும் பழுத்த அனுபவமும் உள்ள பெரியார் ஒருவர் நம்மவர் கண்ணைத் திறக்க முன்வந்துள்ளார்' என்று பத்திராதிபர் முன்னுரை வேறு எழுதியிருந்தார். கண்ணகை வயதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. சத்தியவாகீசருக்கு அச்சுக்கூடத்தில் வைத்துத்தான் தலை நரைத்தது.

கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் முனாப். காத்தான்குடிக்காரர், புடைவை வியாபாரி. செவ்வாய்க்கிழமைகளில் பெரிய பொட்டணி ஒன்றோடு பஸ்ஸில் வந்து இறங்கி, பனிச்சந்துறையில் வீடு வீடாகப் போய்ச் சாறனும் சேலையும் விற்பார். வியாழக்கிழமை சரக்கெடுக்கப் புளியந்தீவுக்குப் போவார். அவர் சரக்கெடுக்கும் கடைக்கு இரண்டு வாசல் தள்ளித்தான் அச்சுக்கூடம். தபாலில் போட்டால் தபால்காரர் உறையைப் பார்த்தே ஊருக்குச் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்து மனேச்சர் அறிந்தால் வேலை போய்விடும். அதனால் அவள் முனாபை நம்பினாள். அவரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்குப் போகிற துறையில் உள்ள தோணி ஓட்டை, இரண்டு தடவை அவருடைய பொட்டணி நனைந்து சாயம் ஊறிவிட்டது, அதைப் பேப்பரில் போடவேண்டும் என்றார்.

"பொம்புளப் புள்ளயள்ட படிப்புக்கு நடுவுல அந்தத் தோணியையும் ஒருக்காச் செல்லிருங்க டீச்சர். ரெண்டு வரி போதும்."

அப்படியே அடுத்த கட்டுரையில், எழுத்தறிந்த தாயின் பெருமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்த சத்தியவாகீசர், நாலாம் பந்தியில் திடீரென்று, 'பனிச்சந்துறைத் தோணியோ ஓட்டையாய்க் கிடக்கிறது' என்றார். படித்தவர்கள் அசந்துபோனார்கள். தோணி என்பது சமுதாயம், ஓட்டை என்பது பெண்களின் அறியாமை, அக்கரை என்பது முத்தி என்று ஒரு பண்டிதர் அடுத்த வாரமே இரண்டு பத்தி நீளத்துக்கு உரை எழுதினார். முனாபுக்கு மனவருத்தம். இத்தனை பேர் படித்தும் தோணிக்கு ஒருவரும் ஒரு பலகை அறையவில்லை.

சத்தியவாகீசரின் எழுத்தில் எல்லோரையும்விட மயங்கிக் கிடந்தவர் கந்தப்போடியார். பனிச்சந்துறையின் பெரிய போடி, அதாவது நிலக்கிழார், அவர்தான். படுவான்கரையில் மூன்று வட்டைகளில் அவருக்கு வயல் இருந்தது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரும் அவரே. சனிக்கிழமை காலையில் கோயில் முன்றலில் இருந்து, ஊரார் சுற்றிவர நிற்க, சத்தியவாகீசரை உரத்து வாசிப்பார். முன்கூட்டிப் பார்த்துவைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, அடுத்த வரியில் என்ன வருமோ என்ற ஆவலோடு கூட்டத்தோடு கூட்டமாகத் தானும் போவார்.

கண்ணகை பதினொரு பெண்களைச் சேர்த்து மாதர் கல்விச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியதும் முதலில் போனது அவரிடம்தான். பையன்களும் ஆண் வாத்திமாரும் உள்ள பள்ளிக்கூடம் என்றுதான் பத்து வயதில் பெண்பிள்ளைகளை மறித்து வைக்கிறார்கள், தனியாக ஒரு பெண்பள்ளி இருந்தால் அனுப்புவார்கள், அதற்குப் போடியார் வீட்டுக்குப் பக்கத்து வளவில் அரை ஏக்கர் தரமுடியுமா என்று கேட்டாள். போடியார் முடியாது என்றார். எழுதப் பழகினால் பெட்டைகள் முதல் வேலையாகக் காதல் கடிதம்தான் எழுதுவார்கள் என்றார். பையன்கள் எழுதமாட்டார்களா என்று அவள் கேட்டாள். அவர்களுடைய எழுத்தை ஒருவராலும் வாசிக்க முடியாது, அதனால் ஆபத்தில்லை என்றார். கடைசியில் இரங்கிப்போய் ஒரு புத்தியும் சொன்னார்.

"புள்ள, நீ சின்ன ஆள். உனக்கு இதெல்லாம் விளங்காது. சத்தியவாகீசர் எண்டு ஒரு பெரிய மனிசன் பேப்பர்ல எழுதுறார். அதப் படி. மறுகா வந்து என்னோட கதை."

படிக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அவளுக்கு ஆத்திரம். வீட்டு வாசலை மிதிக்கும்போது அது மெல்லிய சிரிப்பாக மாறிவிட்டது. அன்று சத்தியவாகீசர் எழுதிய கட்டுரைக்குப் 'பனிச்சந்துறையில் ஒரு வள்ளல்' என்று தலைப்பு.

சனிக்கிழமை காலை போடியார் வழக்கம்போல் வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் வரியில் தம்முடைய பெயர் வந்ததும் குரல் ஏறியது. 'கல்வியின் அருமை அறிந்தவரும் தாராள சிந்தையரும் ஆகிய கந்தப்போடியார்' என்பதை இரண்டு தரம் வாசித்தார். 'தம் வீட்டருகே உள்ள தென்னஞ்சோலையில் அரை ஏக்கரைப் பெண்பள்ளிக்கென மனமுவந்து' என்ற இடத்தில் குரல் இறங்கியது. அதற்குமேல் அவர் வாசிக்கவில்லை. வெளிச்சம் போதாது என்று சொல்லிப் பத்திரிகையை மடித்தார். காலை எட்டு மணி. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மறுக்க நினைத்திருப்பார். அதற்குள் சுற்றி நின்றவர்கள் அவரைத் தூக்காத குறைதான். திங்கட்கிழமை காணி விஷயமாக அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் அங்கே பகுதித் தலைவரான வன்னியனார் எழுந்து நின்று கைகொடுத்தார். இந்தப் பகுதிப் போடிமாருக்கெல்லாம் நீங்கள்தான் முன்மாதிரி என்றார். கந்தப்போடியார் வாழ்க்கையில் வன்னியனார் அவருக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. இனி எப்படி இல்லையென்று சொல்வது?

ஆனால் அந்த வளவு அவருடையதே அல்ல. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக வருவது. வளவுக்குச் சொந்தக்காரி அவருடைய பெண்சாதி தங்கமுத்து. விஷயம் அவளுடைய காதுக்கு வந்தது எல்லோருக்கும் கடைசியாகத்தான். மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே, என் வளவை எப்போது கொடுத்தீர்கள் என்று அமைதியாகக் கேட்டாள். போடியார் தான் கொடுக்கவில்லை என்றார். பேப்பரில் கிடக்கிறதாமே என்றாள். பேப்பரில் கிடக்கிறதுதான் என்று ஒத்துக்கொண்டு, தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

தங்கமுத்து இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கண்ணகையைக் கூப்பிட்டு, வளவைத் தருகிறேன் என்றாள். ஆனால் காணி உறுதிப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கமாட்டேன், கையெழுத்துத்தான் வைப்பேன், அதற்கு நீ எனக்கு எழுதப் பழக்கவேண்டும் என்றாள். பெயருக்கு ஆறு எழுத்துத்தான், மூன்று நாளில் பழக்கிவிடலாம் என்று கண்ணகை சொன்னாள்.

"அது எழுத்தில்லகா, கோலம். எல்லா எழுத்தும் படிச்சு, நொத்தாரிசு எழுதினத நானே வாசிச்சுப் போட்டுத்தான் வைப்பன்."

நாலு மாதம் எடுத்தது. செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டபின் கண்ணகை போவாள். பின்பக்க விறாந்தையில் பன்பாயை விரித்து இருவரும் உட்காருவார்கள். பாடம் கொஞ்சம், ஊர்க்கதைதான் கூட. உறுதி முடிக்க நொத்தாரிசு இரண்டு தடவை வந்து திரும்பிப்போனார். போடியாருக்கோ, இன்னும் கொடுக்காத காணிக்காகப் போகிற இடமெல்லாம் புகழ் வாங்கி வாங்கி முகம் வெளிறிவிட்டது. தினமும் வந்து இப்போது எந்த எழுத்தில் நிற்கிறாள் என்று விசாரிப்பார். ஞகர வரிசை என்று சொன்ன அன்று அவருக்குப் பொறுக்கவில்லை. ஊரில் ஒருவருமே பாவிக்காத எழுத்து அது, அதைத் தாண்டிப் போனால் என்ன என்று கெஞ்சிப் பார்த்தார். தங்கமுத்து தாண்டவில்லை.

முப்பத்து நாலாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து பத்தாம் நாள், உறுதியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நொத்தாரிசின் முன்னால் உரத்து வாசித்து, எல்லையில் ஒரு பிழையும் கண்டுபிடித்துத் திருத்தி, தங்கமுத்து கையெழுத்து வைத்தாள். பங்குனிக்குள் கிடுகுக் கூரையோடு பள்ளிக்கூடம் எழும்பிவிட்டது. முதல் நாளே முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். கண்ணகை பழைய வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டாள்.

சங்கத்தின் முதலாவது பொதுக்கூட்டத்தில்தான் விஷயம் கைமீறியது. பள்ளிக்கூடம் எழும்பிவிட்டபடியால் ஊர் ஆண்களும் வந்து முன்வரிசையில் இருந்துகொண்டார்கள். தலைவராக யாரைப் போடலாம் என்ற கேள்வி வந்தது. கந்தப்போடியார் எழுந்து, சத்தியவாகீசரைத் தவிர வேறு யாருக்குத் தகுதி என்று கேட்டார். பின்னாலிருந்து யாரோ, அந்த மனிதரை ஒருவராவது கண்டதுண்டா என்று கேட்டுவிட்டார். தன்னை ஊரறிய வள்ளலாக்கிய மனிதரைத் தனக்குத் தெரியாது என்று சொல்லப் போடியாருக்கு வாய் வரவில்லை. புளியந்தீவில் மூன்று தடவை சந்தித்திருக்கிறேன் என்றார். நெடிய ஆள், சிவலை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு வைத்திருப்பார், தேத்தண்ணி குடிக்கமாட்டார், மல்லித்தண்ணிதான் என்றார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பழைய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் எழுந்து, அவருடைய பிரசங்கத்தை நானும் கேட்டிருக்கிறேன், வெண்கலக் குரல் என்றார். ஊரை நிர்வகிக்கும் விதானையார் விடவில்லை. ஆள் நெடுப்பம் இல்லை, கட்டைதான், போன வருஷம் என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவர் என்று சாதித்தார். நெட்டையா கட்டையா என்று கால்மணி நேரம் வாதம் நடந்தது. நடுத்தரம் என்று முடிவாகி, தலைவர் ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார். செயலாளர் என்ற முறையில் கண்ணகை அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

எழுதும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மாதிரி இருந்தது. ஓலை வேய்ந்ததும் பிள்ளைகளைத் தேடி வீடு வீடாய்த் திரிந்ததும் அவள். நடுக் கதிரையில் மாலையோடு உட்கார்ந்தது வெறும் மை. தாயிடம் சொன்னபோது, நீ பெற்ற பிள்ளை, நீயே வைத்து மாரடி என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நாலு வருஷம் சத்தியவாகீசர் வராமலே தலைமை வகித்தார். ஒவ்வொரு வருஷமும் வாழ்த்துச் செய்தி அனுப்புவார். முதல் வருஷம் மூட்டுவாதம், மறு வருஷம் கதிர்காம யாத்திரை, அதற்கடுத்த வருஷம் வாவியில் வெள்ளம் என்று வராததற்குக் காரணமும் எழுதுவார். மூன்றாவது செய்தியில், பனிச்சந்துறைத் தோணி சரியாயிருந்திருந்தால் எப்படியும் வந்திருப்பேன் என்ற வரி இருந்தது. அதை வாசித்த ஒரு கிழமைக்குள் போடியார் தோணிக்குப் புதுப் பலகை அடித்துக் கீல் பூசுவித்தார். முனாபின் காரியம் அப்படித்தான் ஈடேறியது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தொண்ணூறு பேராகிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் பதினாலு பேர். இனி அரசாங்க உதவி பெறும் பள்ளியாகப் பதியவேண்டும் என்று கண்ணகை விண்ணப்பித்தாள். முப்பத்தெட்டாம் ஆண்டு ஆடியில் பள்ளிகளைச் சோதிக்கும் வித்தியாதரிசியிடமிருந்து கடிதம் வந்தது. வருகிற மாதம் பதினாலாந் திகதி பார்வையிட வருவதாகவும், மனேச்சராகக் கையொப்பமிடச் சங்கத்தின் தலைவர் நேரில் இருக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தது.

முனாப் கடிதத்தைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். அவருடைய தாய்மாமனுக்கு நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, பார்த்தால் யாரும் எழுந்து நிற்பார்கள், அவரைக் கூட்டி வரலாம். வாய் திறக்காமல் இருந்தால் போதும், திறந்தால் முதலில் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொடங்குவார், அதுதான் கொஞ்சம் இடைஞ்சல் என்றார். கண்ணகைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு வேண்டாம் என்றாள். ஊரார் ஏமாந்தார்கள் என்றால் அவர்களும் கூடச் சேர்ந்துதான் ஏமாற்றினார்கள். அரசாங்கக் கடதாசியில் பொய்க் கையெழுத்துப் போட்டால் தொண்ணூறு பிள்ளைகளின் படிப்புப் போகும். போடியாரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் போனாள். போடியார் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். ஆள் இளைத்திருந்தார். வெற்றிலை வட்டாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடியார், தலைவரப் பற்றி ஒண்டு சொல்ல வந்தன்."

"நானும் அதச் சொல்லத்தான் இருந்தன்," என்றார் அவர் அவசரமாக. "மனிசன் மோசம் போயிட்டார் புள்ள."

அவள் திடுக்கிட்டாள். எப்போது இறந்தார் என்று அவளையறியாமலே கேட்டுவிட்டாள்.

"நேத்து. தந்தி வந்திச்சு."

தந்தி எங்கே என்று கேட்டாள். உள்ளே எங்கேயோ கிடக்கிறது என்று அவர் இழுத்தார். அப்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தங்கமுத்து சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கண்ணகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர விடுகா. நான் சொல்றன். எழுத்துப் படிச்ச கையோட நான் முதல் முதல் வாசிச்சது அந்தக் கிழவன்ட கட்டுரையத்தான். செவ்வாக்கிழம பன்பாயில இருந்து நான் உன்னோட கதைச்ச கதை, வெள்ளிக்கிழம அவர்ட கதையா வந்து கிடந்திச்சு."

கண்ணகை, நாலரை வருஷமாகத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம். ஒருத்தருக்கும் சொல்லல்ல. இவர் அந்தக் கிழவனக் கண்டன் கண்டன் எண்டு வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்றதக் கேட்டுக்கிட்டிரிக்க நல்லாத்தான் இரிந்திச்சு."

கடிதம் வந்த சேதி கேட்ட பிறகுதான் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத மனிதருக்கு வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு கொடுத்தவர் அவர். மல்லித்தண்ணி குடிக்க வைத்தவரும் அவர். கண்ணகை பிடிபட்டால் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் அவமானம். போடியாருக்கோ கச்சேரிவரை அவமானம். ஆகவே சத்தியவாகீசர் இறந்தே தீரவேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. எங்கே, எப்படி என்பதைப் பேசி முடித்தார்கள். திருகோணமலையில், மகள் வீட்டில், நெஞ்சு நோவில், அதிகம் வருத்தப்படாமல். அந்தக் கடைசிச் சொல்லைச் சேர்த்தது கண்ணகை. ஆறு வருஷம் கூட இருந்தவர் அல்லவா?

பிறகு மனேச்சர் யார் என்ற பேச்சு வந்தது. தங்கமுத்து கண்ணகையைக் காட்டினாள். தலைவரின் கடைசி ஆசை அதுதான் என்று சொல்லிவிடலாம் என்றாள். பெண் மனேச்சரா, ஊர் என்ன சொல்லும் என்று போடியார் தயங்கினார். தங்கமுத்து, அப்படியானால் நான் பேப்பருக்கு ஒரு கட்டுரை எழுதிப் பார்க்கிறேன் என்றாள். போடியார் உடனே சம்மதித்தார்.

பதினாலாந் திகதி இரங்கல் கூட்டம் வித்தியாதரிசியின் முன்னிலையிலேயே நடந்தது. வாழையும் தோரணமும் கட்டி வரவேற்பதாக இருந்த பந்தலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். புளியந்தீவிலிருந்து பத்திராதிபர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திறங்கினார். சத்தியவாகீசரும் தாமும் பால்ய சிநேகிதர்கள் என்றார். முதல் கட்டுரையை அவர் கூச்சத்தோடு கொண்டுவந்து நீட்டியபோது, கூச்சப்படாதீர், உம்மைப் போன்றவர்கள் எழுதவேண்டும் என்று தட்டிக்கொடுத்து எழுத வைத்ததே தாம்தான் என்று தழுதழுத்தார். கண்ணகைக்குப் பலாக்கொட்டைக் கறி நினைவுக்கு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். தோள் குலுங்கியது. பக்கத்துப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு, அழாதே என்று தேற்றினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். கிரானிலிருந்து வந்திருப்பதாகவும், தான் காலமானவருடைய சகோதரி மகன் என்றும் சொன்னார். மருமகன் என்ற முறைக்கு மாமாவின் புத்தகங்களும் வெள்ளிப் பூண் போட்ட அந்தப் பிரம்பும் தனக்குச் சேரவேண்டும் என்றார். தான் வாயால் செய்த பிரம்புக்கு இத்தனை சீக்கிரம் உரிமைக்காரர் வருவார் என்று கந்தப்போடியார் எதிர்பார்க்கவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு, பிரம்பை அவரோடேயே வைத்து எரித்தாயிற்று, புத்தகங்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று துக்கத்தோடு அறிவித்தார். கிரான்காரர் உரத்து ஒருபாட்டம் அழுதார். சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு இரண்டு வடை கூட வைத்தார்கள்.

கடைசி ஆசையைப் போடியார் சொன்னபோது எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை. செத்தவரின் பேச்சைத் தட்ட யாருக்கு மனம் வரும்? கண்ணகை போய்க் கையெழுத்து வைத்தாள். வித்தியாதரிசி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய கோப்பில் தலைவரின் பழைய கடிதங்களும் இருந்தன.

"தலைவரிடம் நன்றாகப் பழகியிருக்கிறீர்கள் போலிருக்கிறது," என்றார். "ணகரச் சுழிகூட அவருடையதைப் போலவே வந்துவிட்டது."

சொல்லிவிட்டுக் கோப்பைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். வெகுளியாகச் சொன்னாரா, விளங்கித்தான் சொன்னாரா என்பது கண்ணகைக்குக் கடைசிவரை தெரியவில்லை. இரண்டு கிழமையில் பள்ளிக்கூடம் பதிவாகிவிட்டது.

அதன்பின் அவள் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு கட்டுரை எழுதினாள். பத்திராதிபர் பிரசுரித்தார். மூன்றாம் பக்கத்தில், 'மறைந்த பெரியாரின் அடிச்சுவட்டில் ஒரு பெண்மணி' என்று குறிப்புப் போட்டு. அடுத்த வாரம் இரண்டு வாசகர் கடிதங்கள் வந்தன. ஒன்று முயற்சியைப் பாராட்டியது. மற்றது, நடை பெரியாரைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறதேயல்லாமல் அந்த வீரியம் இல்லை, எழுதியவர் சத்தியவாகீசரை இன்னும் ஆழமாகப் படிக்கவேண்டும் என்றது.

கண்ணகைக்கு அன்று முழுதும் எரிச்சல். பின்னேரம் பத்திரிகையோடு தங்கமுத்துவிடம் போனாள். தங்கமுத்து கடிதத்தையும் கட்டுரையையும் நிதானமாக வாசித்தாள். ஆறுதலாக ஏதேனும் சொல்வாள் என்று கண்ணகை காத்திருந்தாள்.

"அவன் எழுதினது சரிதான்கா. கிழவன் நல்லா எழுதினான். உனக்கு இப்ப பயம் வந்திட்டு."

கோபத்தோடு வீட்டுக்கு வந்து இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உண்மைதான். கிழவர் யாருக்கும் பணிந்ததில்லை. தன் பெயரில் எழுதும்போது அவள் ஒவ்வொரு வரியிலும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டிருந்தாள். அதையெல்லாம் வெட்டினாள். பெண்பிள்ளையை மறித்துவைக்கும் தகப்பன்மாரில் வன்னியனாரும் ஒருவர் என்று பெயர் சொல்லியே எழுதினாள். அது முதற்பக்கத்தில் வந்தது. அதற்கு வந்த வசைக் கடிதங்கள் இருபத்தேழு. எல்லாவற்றிலும் அவளுடைய பெயர் இருந்தது.

நாற்பத்தேழாம் ஆண்டுக்குள் சங்கத்துக்கு ஆறு பள்ளிக்கூடங்கள் ஆகிவிட்டன. அவள் எழுதிய புத்தகங்கள் மூன்று. தன்னுடைய வேலைகளில் எது பிடிக்கும் என்று யாராவது கேட்டால், காத்தான்குடியில் முனாபின் வீட்டு முன்னறையில் நாற்பத்தோராம் ஆண்டு தொடங்கிய வகுப்பைத்தான் சொல்லுவாள். முனாபின் மகள் நஸீறாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு மட்டும் என்று தொடங்கியது, முதல் நாளே ஒன்பது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் அவர்களுடைய தாய்மார் நாலு பேர், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தோம் என்று சொல்லிக்கொண்டு பாடம் தொடங்குவதற்கு முன்னமே வந்து, முடியும்வரை எழும்பாமல் இருந்தார்கள். கண்ணகை நாலு சிலேற்றை எடுத்து அவர்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆனாவிலிருந்து மறுபடி தொடங்கினாள்.